கந்தையும் காந்தாவும்

கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் நம் முன்னோர். வங்கப் பெண்டிரோ அதற்கும் ஒரு படி மேலே சென்று, கந்தையையே கலைச்செல்வமாக்கினர். அதுவே ‘காந்தா’. கந்தல் துணியைக் குறிக்கும் ‘கந்தா’ என்னும் வடசொல்லே அப்பெயருக்கும் நமது ‘கந்தை’க்கும் மூலம். வங்கத்தில் வாழும் தமிழராகிய நாம் இவ்வுறவை அறிந்து மகிழ்தல் தகும்.

உடுத்து நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழம்புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே சிறு சிறு நேர்த்தையல் இட்டனர். நடுவே தாமரை, மூலைகளில் மரங்கள், இடையே யானையும் தேரும் பல்லக்கும். தையல் நெருங்க நெருங்கத் துணி அலையலையாகச் சுருங்கி உறுதி பெற்றது. பலகால் துவைத்த துணி மென்மையுடையதாதலின், பிறந்த குழந்தையைப் போர்த்தவும் அதுவே உதவிற்று.

இக்கலையில் உள்ளம் தோய்ந்த குருசதய தத்தர் (1882–1941) திரட்டிய காந்தாக்கள், கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயர் தாங்கிய காட்சிசாலையைச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைத் தன் தந்தைக்கெனத் தைத்த மானதசுந்தரி என்னும் நங்கை, தன் பெயரையும் ஊசியாலேயே எழுதி வைத்தாள். பெயர் எழுதாது மறைந்த பெண்டிரோ எண்ணிலர். ஏட்டில் இடம்பெறாத அவர்தம் வரலாறு துணியில் நிற்கிறது.

நம் பாட்டியர் உடுத்த பழம்புடவைகளைப் பாத்திரக்காரனுக்கு இடுமுன், நாமும் சற்றே எண்ணுவோமாக!