ஒரு நீதிபதி, இரண்டு தீர்ப்புகள்

நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எச்.ஆர். கன்னாவின் பெயர் வந்துவிடுகிறது. 1976இல், நெருக்கடி நிலையின்போது, தனியொருவராக மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். மறு வருஷம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. அவரை வணங்குவது சுலபம். ஆனால் வணக்கத்தோடு ஸ்தாபனம் பற்றிய சிந்தனை நின்றுவிடுகிறது. ஃபிஜியின் ஆண்டனி கேட்ஸ் இன்னும் சங்கடமான உதாரணம்.

1903இலிருந்து சென்னையில் கப்பலேறி நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த தீவுகள் அவை. 2000 மே மாதம் ஜார்ஜ் ஸ்பைட்டின் ஆட்கள் பிரதமர் மகேந்திர சௌத்ரியைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே பிணைக்கைதியாக்கினார்கள். ராணுவத் தளபதி பைனிமராமா 1997 அரசியல் சட்டத்தை ரத்து செய்வதாக அறிவித்தார். தலைமை நீதிபதி துய்வாங்கா ராணுவ ஆணைகளைத் தயாரிக்க உதவியதை வக்கீல்கள் கண்டித்தார்கள். கலவரத்தில் நிலத்தை விட்டு ஓட நேர்ந்த சந்திரிகா பிரசாத் என்ற விவசாயி, அரசியல் சட்டம் உயிரோடிருக்கிறதா என்று லௌதோகா உயர்நீதிமன்றத்தில் கேட்டார். இருக்கிறது என்று நவம்பரில் தீர்ப்பளித்தவர் கேட்ஸ். 2001 மார்ச் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2006 டிசம்பரில் பைனிமராமா மறுபடி ஆட்சியைப் பிடித்தார். 2007 ஜனவரியில் தலைமை நீதிபதி ஃபாதியாகி விடுப்பில் அனுப்பப்பட்டார். அந்த இடத்தில் தற்காலிகமாக அமர்ந்தவர் அதே கேட்ஸ். 2008 அக்டோபரில் அவர் தலைமையில் மூன்று நீதிபதிகள், ஜனாதிபதி புது அரசை நியமித்தது செல்லும் என்றார்கள். 2009 ஏப்ரல் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. மறுநாளே அரசியல் சட்டம் ரத்து. நீதிபதிகள் அத்தனை பேரும் நீக்கம். மே மாதம் கேட்ஸ் மீண்டும் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். 2019 வரை நீடித்தார்.

துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அவர் தரப்பிலும் ஒரு வாதத்துக்கு இடமுண்டு. நீதிமன்றம் பூட்டிக் கிடப்பதைவிட அரைகுறையாகவேனும் திறந்திருப்பது மேல். ஜாமீனும் ஜப்தியும் அரசியல் சட்டம் திரும்பும்வரை காத்திருக்கா. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

பிரச்னை வேறிடத்தில் இருக்கிறது. 2000இல் அவர் எழுதிய தீர்ப்பால் அவருக்கு நேரக்கூடியது நஷ்டம் மட்டுமே. 2008இல், எந்த ஆட்சிமாற்றத்தின் விளைவாக அந்த நாற்காலி கிடைத்ததோ அதையே அவர் விசாரித்தார். அந்த நிலையில் ஒருவர் முழு நேர்மையோடு எழுதினாலும் தீர்ப்பை நம்ப ஆளிருக்காது. ஆக, சுதந்திரம் என்பது தனிமனித குணம் மட்டுமல்ல. பதவி யார் கையிலிருந்து வந்தது, யாரால் அதைப் பறிக்க முடியும் என்பதும்தான்.

2009 ஆணைகளின் செல்லுபடியை விசாரிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் மறுக்கப்பட்டது. அப்போது இன்னொரு சந்திரிகா பிரசாத் அதே கேள்வியோடு வந்திருந்தால், நீதிமன்றம் திறந்துதான் இருந்திருக்கும். கேள்வியை ஏற்றுக்கொள்ள மட்டும் அதற்கு அதிகாரம் இருந்திருக்காது.