வம்சாவளிக் கோப்பின் வரலாறு

குடும்ப விருட்சத்தைக் கணினியில் ஏற்றிப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தின் மூலத்தை ஆராயப் புகுவோர், மென்பொருள் விற்பனையாளரை விடுத்து, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமையிடம் கொண்ட, மார்மன்கள் என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சித்தாந்தம் ஒன்றிலிருந்து தொடங்குவதே முறையாகும். ஞானஸ்நானம் பெறாது மரித்த முன்னோர்க்காக, உயிரோடிருப்போர் பிரதிநிதிகளாக நின்று அதனைப் பெறலாம் என்பது அச்சபையின் நம்பிக்கை. பெயர் தெரியாத பாட்டனாருக்கு இச்சடங்கைச் செய்வது இயலாதாகையால், பெயர்களைத் திரட்டுவதே அங்கே மதக் கடமையாயிற்று. 1894இல் நிறுவப்பட்ட அச்சபையின் வம்சாவளிச் சங்கம், 1938 முதல் பல தேசத்துப் பதிவேடுகளை மைக்ரோபிலிம் சுருள்களில் படமெடுத்து, பிற்காலத்தில் அவற்றைச் சால்ட் லேக் நகருக்கருகே கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த பெட்டகத்தில் பத்திரப்படுத்தியது.

வீட்டுக் கணினிகள் பரவத் தொடங்கிய 1984இல் அச்சபை ‘பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்’ என்னும் மென்பொருளையும், ஒரு கணினியின் வம்சாவளியை மற்றொன்று வாசிப்பதற்கான ‘ஜெட்காம்’ என்னும் கோப்பு முறையையும் வெளியிட்டது. முன்னது 2013இல் கைவிடப்பட்டது. அழகு சிறிதுமற்ற பின்னதோ இன்றளவும் நிலைத்திருக்கிறது. அதன் அமைப்பு மிக எளிது. ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும்: பூஜ்யம் புதியதொரு நபரையோ குடும்பத்தையோ அறிமுகம் செய்யும், ஒன்று, அவரது ஜனனம், மரணம் போன்ற விருத்தாந்தத்தைக் கூறும், இரண்டு, அதற்குரிய தேதியையும் ஊரையும் தரும். மகன் தந்தையோடு நேரே பிணைக்கப்படுவதில்லை. இருவரும் ‘குடும்பம்’ என்னும் தனிப் பதிவொன்றோடு, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் கணவராகவும், பிணைக்கப்படுகின்றனர்.

இவ்வேற்பாட்டின் சிறப்பு நம்மவர் திருமணங்களிலேதான் நன்கு புலப்படும். முன்னோர்க்கு எண்ணிடுவதில் 1590இல் மிகாயேல் ஐட்சிங்கர் கையாண்ட பழைய முறைப்படி, ஆராயப்படுவோருக்கு எண் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண், அதனோடு ஒன்று கூட்டினால் தாயின் எண். அக்காள் மகளை மணந்த தாய்மாமனின் குழந்தைக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால், தந்தைவழிப் பாட்டனாராகிய 4ஆம் எண்ணுக்குரியவரே தாயின் தாய்க்குத் தந்தையாகி 14ஆம் எண்ணையும் பெறுகிறார். ஜெட்காமிலோ அவருக்கு ஒரே பதிவு போதும். எத்தனை வழியில் வந்தாலும் அங்கேயே வந்து சேரலாம்.

ஆயினும் பெயர் விஷயத்தில் இம்முறை மேனாட்டாரையே மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. குடும்பப் பெயரை இரு சாய்கோடுகளுக்கிடையே எழுதுவது அதன் சம்பிரதாயம். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு வழங்கும் தமிழர், அவ்விடத்தில் தகப்பனார் பெயரையே நிரப்பினால், தலைமுறைதோறும் புதுக்குடும்பம் தோன்றியதாகவே அகரவரிசைப் பட்டியல் காட்டும். அவ்விடத்தை வெறுமையாக விடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். தொடக்க காலத்தில் ஜெட்காம் பெரிதும் கையாண்ட எழுத்துத் தொகுதியும் நூலகங்களின் லத்தீன் எழுத்துப் பதிவுகளுக்கென அமைந்ததே. அதில் தமிழுக்கு இடமில்லை.

1996இல் ஜெட்காமின் 5.5 பதிப்பு வெளிவந்தது. தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளுக்கும் இடந்தரும் யூடிஎஃப்-8 குறியீட்டை அனுமதித்த 5.5.1, 1999இல் வரைவாக வந்து, மென்பொருள்கள் பலவும் அதனைக் கைக்கொண்ட பின்பும், 2019 வரை வரைவு என்ற பெயரோடேயே கிடந்தது! இந்நெடிய இடைவெளியில், தத்தம் தேவைக்காக மென்பொருளாளர், வரியின் பொருளை உணர்த்தும் குறிச்சொற்களை, அடிக்கோட்டில் தொடங்குமாறு தாமே படைத்துக்கொண்டனர். அவற்றை அறியாத வேறொரு மென்பொருள் அவ்வரிகளைப் புறக்கணித்துவிடுமாதலால், அரும்பாடுபட்டுச் சேகரித்த குறிப்புகள் இடமாற்றத்தில் மறைந்தன. ஜெட்காமின்மீது சுமத்தப்படும் குற்றங்களுள் பெரும்பகுதி, உண்மையில், இந்தத் தாமதத்தையே சாரும். 2021இல் வெளியான 7.0 பதிப்பு யூடிஎஃப்-8 ஒன்றையே ஏற்று, புகைப்படங்களையும் ஆவணங்களையும் விவரக் கோப்போடு ஒரே பொதியாகக் கட்டியனுப்ப வழிசெய்ததுடன், புதுக்குறிச்சொல் படைப்போர் அதன் பொருளை விளக்கும் முகவரியொன்றைக் கோப்பின் தலைப்பிலேயே குறிப்பிடவும் இடமளித்தது.