கூடை இறங்கிய நாளின் பூ

மதுரையில் பூக்காரம்மாவிடம் கொழுந்து கேட்டால், மல்லிகைச் சரத்தின் நடுவே வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தில் ஒரு பிடி கிடைக்கும். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் அதே சொல் தேயிலையைத்தான் குறிக்கும்: இரண்டு இலையும் ஒரு மொட்டும். கூந்தலில் மணத்த சொல் கடல் தாண்டி வந்து முதுகுக் கூடைக்குள் விழுந்துவிட்டது. மலையகப் பெண்கள் பூச்சூடிய கதையைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கோப்பிக் காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம் தவறினால் கொழுந்து முற்றிவிடும். ஆண்டு முழுவதும் பறிக்கக் கைகள் வேண்டியிருந்ததால் பெண்களும் வந்தார்கள், குடும்பங்கள் லயங்கள் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் தங்கின. அதன் பிறகுதான் லயத்து வாசலில் பூச்செடி வைக்க ஒருவர் இருந்தார்.

வைத்த செடி என்ன என்பதில்தான் சிக்கல். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நுவரெலியா. தை, மாசி விடியல்களில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மல்லிகைக்கு வேண்டிய வெயில் அங்கே இல்லை. கனகாம்பரமும் அந்தக் குளிரில் செழிக்காது. தாய்வீட்டுக் கொல்லையில் பூத்த எதுவும் கைகொடுக்காத மலையில், தலைக்குப் பூ தேடியவர்களுக்குக் கிடைத்தவை துரை பங்களாவின் பூக்கள்.

அந்தப் பூக்களும் வந்தேறிகள்தான். மெக்சிக்கோவின் டேலியா, தென்னாபிரிக்காவின் ஜெரேனியம், ஜப்பானின் ஹைட்ரேஞ்சியா, ஐரோப்பாவின் கார்னேஷன். சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்க 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கல தோட்டம் பின்னாளில் ரோசாப்பூக்களுக்குப் பெயர் பெற்றது. சீதையைச் சிறைவைத்த அசோகவனம் அதுவே என்பது பக்கத்துச் சீதா எலிய மக்களின் நம்பிக்கை. 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. கொழும்பின் வெக்கை தாங்காத வெள்ளைக்காரக் குடும்பங்கள் குளிர்ச்சி தேடி ஏற இன்னும் வசதியானது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு நுவரெலியாவின் நடுவில் ஒரு பூங்காவே அமைத்தார்கள்.

1876இல் தொடங்கிய ஹில் கிளப் போன்ற இடங்களில் விருந்தும் நடனமும் நடந்தன. மேலங்கியின் பொத்தான் துளையில் ஒற்றைப் பூ ஆணுக்கு. மார்பிலோ தோளிலோ குத்திக்கொள்ள ஒரு சிறு கொத்து பெண்ணுக்கு. மேற்கு நாட்டுப் பள்ளிகளின் நடன இரவில் ஒரு பையன் தன் இணையின் மணிக்கட்டில் பூக்கொத்து கட்டுவது இதே வழக்கத்தின் இளைய பிள்ளை. உடுப்பின் நிறத்துக்குப் பூவின் நிறம் பொருந்த வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.

துரைசானி தோட்டத்தில் உலாவினார் என்றாலும், மண் கொத்தியதும் நாற்று மாற்றியதும் லயத்திலிருந்து போன தோட்டக்காரர்தான். ஹைட்ரேஞ்சியாவும் ஜெரேனியமும் கொப்பு ஒடித்து நட்டாலே வேர்விடும்; டேலியாவுக்கு ஒரு கிழங்கு போதும். இன்றும் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்புக்கு முன்னால் பழைய பால்மா டின்களில் அதே செடிகள் நிற்கின்றன. எந்த வழியாக வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

செடி வந்தும் பூ தினமும் தலைக்கு ஏறவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் அழுந்தும். அது அறுக்காமலிருக்கத் துணியை மடித்துப் போட்டு, மழை நாளில் அதற்கு மேல் கொங்காணியும் போர்த்துக்கொண்டால் கூந்தலில் இடம் எங்கே இருக்கிறது? நெற்றியிலிருந்து பிடரி வரை தோட்டத்தின் வேலைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. தமிழ்நாட்டில் அன்றாட அலங்காரமாக இருந்த பூ, இந்த மலையில் கூடை இறங்கிய நாளின் அடையாளமாக ஆனது. மணம், நிறம் என்று பூவைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். தலையின் பாரத்தை வைத்துப் பூவை அளக்க வேண்டிய இடம் இது.

கூடை இறங்கிய நாட்கள் எவை? தைப்பொங்கல், தீபாவளி, கல்யாணம், பெரிய பிள்ளையான பெண்ணுக்குச் சடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக மாரியம்மன் திருவிழா. கரகத்துக்குப் பூச் சோடிப்பதும், தீ மிதிப்பதைப் ‘பூ மிதித்தல்’ என்று சொல்வதும் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. மாசியில் காமன் கூத்து ஆடுவார்கள். கரும்பு வில்லும் மலர் அம்பும் கொண்டவன் மன்மதன். அவன் அம்புகளில் ஒன்றான முல்லையோ தாமரையோ குளிர்மலையில் கைக்கு எட்டாது. கூத்தாடியின் முடியில் வண்ணத்தாளும் சரிகையும் மினுங்கும்.

பள்ளி தாமதமாகத்தான் வந்தது. 1907இலும் 1920இலும் வந்த சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள்மேல் வைத்தன. நடந்தது பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர், ஒற்றை அறை. 1970களில் அரசு அந்தப் பள்ளிகளைக் கையேற்கத் தொடங்கிய பிறகுதான் வாணி விழா, ஒளி விழா, தமிழ்மொழித் தினப் போட்டி எல்லாம் தோட்டத்துப் பிள்ளைக்கும் மேடையாயின. இங்கே பள்ளி நடனம் என்றால் சோடி சேர்ந்து ஆடுவதல்ல. கும்மி, கோலாட்டம், பரதம், அண்மைக் காலத்தில் கொழுந்து பறிக்கும் நடனமும். வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலும் அன்று ஒருநாள் விடைபெறும்.

அந்த ஒருநாள் பூவுக்கு வீட்டில் நடக்கும் ஆலோசனை சாதாரணமானதல்ல. கண்டி, மாத்தளைப் பக்கமிருந்து பேருந்தில் வரும் மல்லிகைச் சரம் விலை கூடியது, மேடை ஏறுவதற்குள் வாடியும் விடலாம். துணியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த சரம் வாடாது. ஒருமுறை வாங்கினால் தங்கைக்கும் ஆகும். பாவாடை சிவப்பென்றால் வெள்ளைச் செவ்வந்தியா, மஞ்சளா? டேலியா பார்க்க அழகு, ஆனால் கனம். ஆட்டத்தில் கழன்று விழும் என்பது அனுபவப்பட்ட அக்காமாருக்குத் தெரியும்.

கொழுந்து நடனம் ஆடும் பிள்ளைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மேடைக்காகச் செய்த சிறிய கூடையின் பட்டியைத் தலையில் மாட்டினால் பூ நசுங்கும். தோளில் மாட்டினால் பூ நிற்கும், ஆனால் அம்மா கூடை போடுவது அப்படி இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போக நேரமாகிவிட்ட விடியலில், மகளின் பின்னலில் கடைசி ஊசியைக் குத்தியபடி அம்மா சொல்வது, “தோள்லயே மாட்டிக்க புள்ள.”