எல்லைக்கோடும் கொள்ளைக்காரர்களும்: நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

2021 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை காலை. ஓசூர் பாகலூர் சாலையில் முத்தூட் நிதி நிறுவனக் கிளைக்குள் துப்பாக்கிகளோடு ஒரு கும்பல் நுழைந்தது. ஊழியர்களைக் கட்டிப்போட்டு, சுமார் 25 கிலோ அடகு நகையையும் 96 ஆயிரம் ரூபாய் ரொக்கத்தையும் அள்ளிக்கொண்டு போனது. நகைப் பைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவி, அவர்கள் கர்நாடகத்துக்குள் போய் வடக்கே செல்வதைக் காட்டிக் கொடுத்தது. மறுநாளே ஐதராபாத் அருகே சைபராபாத் போலீசார் வளைத்துப் பிடித்தார்கள். நகை ஒரு கண்டெய்னர் லாரிக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏழு துப்பாக்கிகளும் சிக்கின. அந்தப் பைகளில் இருந்தது பெரும்பாலும் நம் ஊர்க் குடும்பங்களின் தாலிச் சங்கிலியும் வளையலும்தான்.

இதை ஒரு சினிமாக் காட்சி போல எல்லோரும் பேசினோம். வரலாற்றுப் பாடம் நடத்திய எனக்கு வேறொன்று தோன்றியது. துப்பாக்கியைவிடக் கொள்ளையருக்கு அதிகம் உதவியது எல்லைக்கோடு. பாகலூர் சாலையிலிருந்து சிறிது நேரத்தில் அடுத்த மாநிலத்துக்குள் போய்விடலாம். அங்கே வேறு போலீஸ், வேறு மொழி, வேறு கட்டுப்பாட்டு அறை. இது நம் பகுதிக்குப் புதிய கதை அல்ல.

1792இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு கலெக்டர் ஆனார், தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். ஆனால் ஓசூர்ப் பக்கம் 1799 வரை மைசூரிடமே இருந்தது. அதாவது அந்த ஏழு ஆண்டுகள் கிருஷ்ணகிரி ஒரு அரசு, ஓசூர் இன்னொரு அரசு. திப்பு வீழ்ந்த பிறகுதான் எல்லை இன்றைய இடத்துக்கு நகர்ந்தது.

அந்தக் காலத்தில் வழிப்பறிக் கும்பல்கள் எப்படிப் பிழைத்தன? 1807இல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே ‘பான்சிகர்’ என்ற சுருக்குக் கயிற்றுக் கொலைக் கூட்டத்தார் சிலர் பிடிபட்டார்கள். சென்னையில் மருத்துவராக இருந்த ரிச்சர்டு ஷெர்வுட் 1816இல் இவர்களைப் பற்றி எழுதினார். ஒரு ஆட்சியின் எல்லையில் குடியிருப்பது, தூரத்து ஊர்களில் போய்க் கொள்ளையடிப்பது, உள்ளூர்ப் பாளையக்காரருக்குப் பங்கு கொடுத்துப் பாதுகாப்புத் தேடுவது, இதுதான் அவர்கள் வழக்கம்.

அன்று ஊர்க்காவல் எப்படி இருந்தது தெரியுமா? காவல்காரர் என்ற முறை இருந்தது. ஊரார் அவருக்குத் தானியமாகவோ பணமாகவோ கொடுப்பார்கள். திருட்டு நடந்தால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். குறைகள் நிறைய உண்டு. காவல்காரரே மிரட்டிப் பணம் பறித்த கதைகளும் உண்டு. கம்பெனி அரசு 1816இல் போலீஸ் பொறுப்பைக் கலெக்டரிடமும், ஊர் அளவில் கிராமத் தலைவர், தலையாரியிடமும் கொடுத்தது. பிறகு 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம், சீருடை போட்ட, சம்பளம் வாங்குகிற மாகாணப் போலீசை உருவாக்கியது. நாம் இன்று பார்க்கும் காவல் நிலையத்தின் வேர் அங்கேதான்.

இந்தப் புதிய போலீசுக்கு ஒரு சிக்கல். ஊர் முழுவதையும் கண்காணிக்க ஆள் போதாது. அதற்கு வெள்ளை அரசு கண்டுபிடித்த குறுக்குவழி, குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தவனைத் தேடுவதற்குப் பதிலாக, ஒரு சாதியில் பிறந்த எல்லோரையும் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதிக் கைரேகை வாங்கினார்கள். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி அதை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் நீங்கியது. சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை.

நம் மாவட்டத்து உதாரணமே சொல்கிறேன். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி வரை தருமபுரியோடுதான் இருந்தது. அந்தத் தருமபுரியில், அரூர் பக்கத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். ஊரே சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011இல், உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு ஊரையே ‘குற்ற ஊர்’ என்று நினைத்து இறங்கினால் எதில் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வீரப்பன் கதையும் அதே எல்லையில் நடந்ததுதான். அவனுடைய கும்பல் 1992இல் கர்நாடகத்தின் ராமாபுரா காவல் நிலையத்தைத் தாக்கிக் காவலர்களைக் கொன்று துப்பாக்கிகளை எடுத்துச் சென்றது. அடுத்த ஆண்டு பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். துரத்தினால் அந்தப் பக்கம், மறுபடி துரத்தினால் இந்தப் பக்கம். இரண்டு மாநிலங்களும் அதிரடிப்படை அமைத்தும், 2004 அக்டோபர் 18ஆம் தேதி பாப்பாரப்பட்டி அருகே அவன் சுட்டுக் கொல்லப்படும் வரை இழுத்தது. கடைசியில் அவனைக் காட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது தகவல்தானே தவிர, காட்டோர மக்களைப் பிடித்து அடித்தது அல்ல. அப்படி அடிபட்டவர்களுள் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் உத்தரவிட்டது.

இப்போது நெடுஞ்சாலைக் காலத்துக்கு வருவோம். பவாரியா கும்பல் 1995 முதல் பத்து ஆண்டுகள், லாரிகளில் வந்து நெடுஞ்சாலையோர வீடுகளில் நாட்டுத் துப்பாக்கியோடு கொள்ளையும் கொலையும் செய்தது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் கொல்லப்பட்ட பிறகே ஜாங்கிட் தலைமையில் தனிப்படை வடமாநிலங்களுக்குப் போனது. வழக்குத் திறந்தது கைரேகை ஒப்பீட்டால். 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலையில் ஒரே இரவில் நான்கு ஏ.டி.எம்.களை வெட்டிக் கொள்ளையடித்தவர்கள் தங்கியிருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் தங்கவயலில். 2024 செப்டம்பரில் திருச்சூர் ஏ.டி.எம். கொள்ளையர் பிடிபட்டது நாமக்கல் மாவட்டத்தில், மறுபடியும் கண்டெய்னர் லாரியில்.

இவற்றில் ஒரு ஒற்றுமை உண்டு. கொள்ளையர் பயன்படுத்தியது சாலை, லாரி, எல்லை. பிடித்துக் கொடுத்தது கைரேகை, ஜிபிஎஸ், பக்கத்து மாநிலப் போலீசுக்குப் போன ஒரு தொலைபேசி அழைப்பு. சட்டமும் இதற்குத் தடை இல்லை. குற்றவாளியை இந்தியாவின் எந்த இடத்துக்கும் துரத்திப் போய்ப் பிடிக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48ஆவது பிரிவே சொன்னது. தடை சட்டத்தில் இல்லை, நடைமுறையில்தான்.

ஆனால் ஒவ்வொரு கொள்ளைக்குப் பிறகும் நம் ஊரில் என்ன நடக்கிறது? சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் பத்துப் பேர் ஒரே அறையில் தங்கி ஷிப்டு பார்க்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு பையன்கள்மீது கண் திரும்புகிறது. “இவனுங்கதான்” என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதி விடுகிறோம். நூறு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டையே வேறு பெயரில் எழுதுகிறோம். விலாசம் பதிவு செய்வது தவறில்லை. வீட்டுக்காரர் வாடகைதாரரின் விவரம் வாங்கி வைப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. ஆனால் பதிவு வேறு, முத்திரை வேறு. சம்பள நாளில் வழிப்பறிக்கு ஆளாகி, மொழி தெரியாமல் ஸ்டேஷனுக்குப் போகப் பயந்து நிற்பவனும் அந்தப் பையன்தான். அவன் பயமில்லாமல் வந்து சொன்னால், சந்தேகத்துக்குரிய புது ஆள் யார் என்ற முதல் தகவலும் அவனிடமிருந்தே வரும்.

ரோந்துக் காவலர் இரவில் வந்து பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் போகிற வழக்கம் நல்ல வழக்கம். அந்த நோட்டு வசதியான தெருவோடு நிற்காமல் லைன் வீடுகளின் வாசலுக்கும் போகட்டும். இந்தி தெரிந்த காவலர் ஒருவர் ஒவ்வொரு சிப்காட் காவல் நிலையத்திலும் இருக்கட்டும். ஓசூர், அத்திப்பள்ளி, ஆனேக்கல் காவல் நிலையங்கள் கொள்ளை நடந்த பிறகு பேசிக்கொள்வதை மாற்றி, மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும். இதற்கெல்லாம் புதிய துப்பாக்கி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று காவல்துறையில் இருக்கிறார்கள். இதை வாசித்தால், எல்லையில் வேலை பார்ப்பதில் உள்ள உண்மையான சிரமங்களை எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.