கடலைக் கடந்தவரும் காகிதமும்: இலங்கைக் குறுங்காலப் பயண நுழைவு விதிகளும் தமிழர் வரலாறும்

முன்னுரை

ஒரு நாட்டிற்குள் சில நாள் தங்கிவர விரும்பும் அயலாரிடம் அந்நாடு கேட்கும் ஆவணங்கள் வெறும் அலுவலக நடைமுறை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. கடவுச்சீட்டு, நுழைவிசைவு, தங்கும் நாள்களின் வரையறை, திரும்பிச் செல்வதற்கான உறுதி ஆகியன இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளன. எனினும் 'குறுங்காலப் பயணி' என்னும் வகைப்பாடு இயல்பாகத் தோன்றியதன்று. யார் பயணி, யார் தொழிலாளி, யார் குடியேறி என்று பிரித்தறியும் அதிகாரம் ஒன்று உருவான பின்னரே அது பிறந்தது. இவ்வுருவாக்கத்தைத் தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையிலான போக்குவரத்தை முதன்மைச் சான்றாகவும், கோலார் தங்கவயலை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ்ச் சூழலில் நுழைவு

பட்டினப்பாலை புகார்த் துறைமுகத்தில் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைக் கூறுகிறது. அம்முத்திரை பண்டங்களின் மீது இடப்பட்டதேயன்றி ஆள்களுக்கு வழங்கப்பட்டதன்று என்பது கருதத்தக்கது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை நகருக்குள் புகும்போது வாயிலில் யவனக் காவலர் நிற்கின்றனர். அவர்களுக்கு ஐயம் எழாதவாறு அவன் உட்புகுகிறான். சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுத் தலைநகருக்கு வந்த வணிகன் மகனிடம் எவரும் சீட்டுக் கேட்டதாகக் காப்பியம் குறிக்கவில்லை. காவலர் கண்டது தோற்றத்தையும் நடையையுமே. இதற்கு மாறாக, கௌடலியரின் அர்த்தசாத்திரம் முத்திரைச் சீட்டு வழங்கும் தனி அலுவலரைக் குறிப்பிடுகிறது. கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற்றவரே நாட்டிற்குள் வரவும் வெளியேறவும் இயலும் என்றும், சீட்டின்றிச் செல்வோர்க்குத் தண்டம் உண்டு என்றும் அந்நூல் விதிக்கிறது. ஆக, கண்ணால் ஐயுறுதல், காகிதத்தால் ஐயுறுதல் என்னும் இருவேறு முறைகளும் இந்திய மரபிற்குப் புதியன அல்ல. தமிழர் வாழ்வில் இரண்டாவது முறை பெருமளவில் நுழைந்தது குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயாகும்.

தகரச் சீட்டும் மண்டபம் முகாமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகரச் சீட்டு' முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த சிறிய தகர வில்லையைத் தொழிலாளி உடன் வைத்திருத்தல் வேண்டும். அதைக் காட்டினால் வழிச்செலவைத் தாமே செலுத்தாமல் தோட்டத்தைச் சென்றடையலாம். அச்செலவு தோட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. அச்சீட்டில் தொழிலாளியின் பெயரோ ஊரோ முதன்மை பெறவில்லை. அவர் சேரவேண்டிய தோட்டமே முதன்மை பெற்றது.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் இயங்கியது. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் தொடர்வண்டியும் கப்பலும் மாறிக் கொழும்பு சேர முடிந்தது. பயண வழி எளிதாயிற்று எனினும் நுழைவு அனைவர்க்கும் ஒன்றாக அமையவில்லை. இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே மண்டபத்தில் ஒரு தடைக்காப்பு முகாமை நடத்தியது. தோட்டத் தொழிலாளர் அங்குப் பல நாள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, உடைமைகள் நுண்ணுயிர் நீக்கம் செய்யப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டனர். உயர்வகுப்புப் பயணிகள் மருத்துவச் சோதனையோடு பெரும்பாலும் பயணத்தைத் தொடர முடிந்தது. நோய்க்கு வகுப்பு வேறுபாடு இல்லை, விதிக்கு இருந்தது. ஒரு நாட்டின் எல்லைச் சோதனை மற்றொரு நாட்டின் மண்ணில் நிகழ்ந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பயணி கடலைக் காணும் முன்னரே அயல்நாட்டின் வாயிலில் நின்றார்.

தோட்டத்திற்குள் சென்ற பின்னரும் காகிதம் அவரை விடவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குப் பெயர வேண்டுமாயின், கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாக உரைக்கும் 'துண்டு' வேண்டியிருந்தது. 1921இல் இத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' இலங்கைத் தோட்டத்திற்குச் சென்ற எளிய பெண்ணின் வாழ்வைக் காட்டுவது தமிழ் உலகம் நன்கறிந்தது. அக்கதையை ஆள்கட்டும் முறையின் வரலாற்றோடு இணைத்துப் படிக்கும்போது, போவதன் எளிமையும் மீள்வதன் அருமையும் ஒருசேரப் புலப்படுகின்றன.

தங்கவயல்: எல்லையின்றி ஒரு வாயில்

இதே காலத்தில் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மற்றொரு திசையிலும் சென்றனர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் பணியைத் தொடங்கியது. மைசூர் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை எனப்பட்ட இன்றைய பங்காருபேட்டையிலிருந்து 1894இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை இடப்பட்டது. சென்னை மாகாணத்திலிருந்து மைசூர் அரசின் எல்லையைக் கடந்து வந்தவர் பங்காருபேட்டையில் வண்டி மாறினார். அவர் கடந்தது ஓர் அரசின் எல்லையாயினும் அதற்கெனக் கடவுச்சீட்டோ தகரச் சீட்டோ அவருக்கு வேண்டியிருக்கவில்லை. உறவினரைக் கண்டு சில நாள் தங்கித் திரும்புவோரும், சுரங்கத்தில் வேலை தேடி வருவோரும் ஒரே வண்டியில் ஒரே சீட்டோடு வந்தனர்.

ஆயினும் வாயில் இல்லாமற் போகவில்லை. அது நாட்டின் எல்லையிலிருந்து சுரங்கத்தின் எல்லைக்கு இடம்பெயர்ந்தது. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையைச் சுரங்க நிருவாகம் கொணர்ந்தபோது தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கைரேகை குற்றவாளிகளை அடையாளங்காணும் கருவியாக அறியப்பட்டிருந்த காலம் அது. உழைக்க வந்தவரிடம் அதைக் கேட்டது மதிப்பிழப்பாக உணரப்பட்டதில் வியப்பில்லை. இன்று பல நாடுகள் நுழைவிசைவு வழங்கும்போது விரல்ரேகையைப் பெறுகின்றன. சுற்றுலாப் பயணி ஒரு கருவியின்மீது விரல் வைத்து எளிதில் கடந்துவிடும் அச்செயலை, 1930இல் தங்கவயல் தொழிலாளர் தம் மானத்தோடு பொருத்திப் பார்த்தனர் என்பது எல்லை ஆவணங்களின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்தியாகும்.

1949: பயணி என்னும் சட்டவகை

இலங்கைக்கு மீண்டு வருவோம். 1939 ஆகஸ்டு 1 முதல் இந்திய அரசு தொழிற்பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. விடுதலைக்குப் பின்னர் நிலைமை முற்றிலும் மாறியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரைக் குடியுரிமை அற்றோராக்கியது. அதே ஆண்டின் 20ஆம் எண் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இலங்கைக்குச் செல்லும் இந்தியருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையாயின. வருகை, வதிவிடம் என்ற வகைகள் பிரிந்தன. சட்டப்படி 'குறுங்காலப் பயணி' இவ்வழித்தடத்தில் அப்போதுதான் முழு உருப்பெற்றார் எனலாம்.

இச்சட்டங்களை இணைத்து நோக்கினால் ஒரு நுட்பம் விளங்கும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்க்கு ஏழாண்டும் மணமாகாதவர்க்குப் பத்தாண்டும் இடையறாத வதிவிடத்தைக் கோரியது. ஒருமுறை சென்றால் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு நாட்டில் இல்லாதிருத்தல் அத்தொடர்ச்சியை முறித்தது. தாயின் நோய், பங்காளிகளின் சொத்துப் பிரிப்பு, பிள்ளைப்பேறு போன்ற காரணங்களால் ஊருக்கு வந்து நீண்டநாள் தங்கிவிட்ட தொழிலாளி, தாம் அறியாமலேயே ஒரு நாட்டின் உரிமையை இழக்க நேர்ந்தது. ஒருவர் எத்தனை நாள் விருந்தினராக இருந்தார் என்பதே அவர் எந்நாட்டினர் என்பதற்குச் சான்றாயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றி 1974இல் முடிவாயிற்று; இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்றன.

சொற்களின் சான்றும் இதனையே வலியுறுத்துகிறது. இலங்கையில் விசா வழங்கும் அலுவலகம் தமிழில் 'குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம்' எனப்படுகிறது. பத்து நாள் தங்க வருபவரும் 'குடி' என்னும் சொல்லைத் தாங்கிய அலுவலகத்தின் வழியாகவே செல்கிறார். வருபவர் ஒவ்வொருவரும் தங்கிவிடக் கூடியவர் என்னும் ஐயம் அப்பெயரிலேயே உறைகிறது. இதன் மறுமுனையில் நிற்பது 'கள்ளத்தோணி' என்னும் சொல். ஆவணமின்றிப் படகில் வந்தவரைக் குறிக்கத் தோன்றிய இச்சொல், சிங்களத்திலும் புகுந்து, நாளடைவில் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழரையும் இழித்துரைக்கும் வசையாயிற்று. ஒரு நுழைவு விதி, சட்டப் புத்தகத்தை விட்டு வெளியேறித் தெருவில் ஒரு மக்களின் பெயராக மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

கச்சத்தீவு: விசா வேண்டாப் பயணம்

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து இயங்கிய கப்பலும் 1980களில் இனப்போர்ச் சூழலில் நின்றது. எனினும் இக்கடலில் விசா இன்றி நிகழும் குறுங்காலப் பயணம் ஒன்று ஒப்பந்தத்தாலேயே ஏற்கப்பட்டது. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாடு கச்சத்தீவை இலங்கைப் பகுதியில் வைத்தது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அத்தீவிற்குச் சென்றுவரலாம் என்றும், இதற்கென இலங்கை அவர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கோராது என்றும் உரைக்கிறது. ஆண்டுதோறும் நிகழும் அந்தோணியார் திருவிழாவிற்கு இராமேசுவரத்திலிருந்து படகுகளில் மக்கள் செல்வது இவ்விதியின் வழியேயாகும்.

'முன்போல' என்னும் சொல்லே இங்கு ஆவணமாகிறது. கடவுச்சீட்டு ஒருவர் யார் என்பதைச் சொல்கிறது. வழக்கமோ ஒரு கூட்டத்தார் எத்துணைக் காலமாக வந்துசெல்கின்றனர் என்பதைச் சொல்கிறது. ஆயினும் நடைமுறையில் யாத்திரிகர் முன்கூட்டியே பெயரைப் பதிந்து அடையாள அட்டை காட்ட வேண்டியுள்ளது. போர்க்காலத்தில் விழாவே தடைப்பட்டது. மீனவர் உரிமையின் வரம்பு குறித்து 1976ஆம் ஆண்டுக் கடிதப் பரிமாற்றத்திற்குப் பின் எழுந்த கருத்து வேறுபாடு இன்றளவும் தீரவில்லை. வழக்கத்தை ஏற்ற ஒப்பந்தமும் காகிதத்தின் துணையின்றி நிற்க இயலவில்லை என்பதே இதனால் அறியப்படுவது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நுழைவு விதிகள் அயலாரை அறிவதற்காக மட்டும் தோன்றவில்லை. உழைப்பாளியின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேவையே தமிழர் வரலாற்றில் அவற்றிற்கு முன்னோடியாக அமைந்தது. தகரச் சீட்டும் தங்கவயலின் கைரேகைப் பதிவும் இதற்குச் சான்று. இரண்டாவது, 'பயணி' என்னும் மதிப்பு நெடுங்காலம் வகுப்பைச் சார்ந்திருந்தது. தோட்டத்திலுள்ள தமையனைக் காண மூன்றாம் வகுப்பில் சென்றவர் விருந்தினராகக் கருதப்படுதல் அரிதாயிருந்தது. மூன்றாவது, இந்திய உச்சநீதிமன்றம் 1967இல் அயல்நாடு செல்லும் உரிமையைத் தனிமனித உரிமையின் பகுதி என்று ஏற்றது. அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டமும் வந்தது. புறப்படுதல் இவ்வாறு உரிமையாயினும், போய்ச்சேருதல் இன்றும் மற்றொரு நாட்டின் இசைவாகவே உள்ளது.

2012இல் இலங்கை மின்வழிப் பயண அனுமதி முறையைத் தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. இவ்வழிகளில் செல்லும் இன்றைய பயணிக்குச் சில படிவங்களும் சில நாள் வரையறையுமே விதியாகத் தோன்றும். அப்படிவத்தில் 'வருகையின் நோக்கம்' என்று கேட்கப்படும் ஒரு வரிக்குப் பின்னால் தகர வில்லையும், மண்டபத்துத் தங்கலும், பன்னிரண்டு மாதக் கணக்கும் உள்ளன. மலையக இலக்கியத்தையும் தங்கவயல் மக்களின் வாய்மொழி வழக்குகளையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல், தமிழியலார் முன் நிற்கும் பணியாகும். அவ்வழக்குகளைச் சொல்லக்கூடிய முதியோர் குறைந்துவருவதால் அப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.