கடல் கடந்த ஒரு சொல்

நெய்வேலி நகரியத்து வட்டங்களில் துணி மூட்டை சுமந்து வீடுதோறும் விற்று வருவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகையோருக்குத் தென்னாப்பிரிக்காவில் ‘ஸ்மௌஸ்’ என்று பெயர். யூதரின் யித்திஷ் மொழியில் பிறந்து, டச்சுக்காரர் வாயில் யூதரை இகழும் பெயராகி, பின்னர் ஊர் ஊராய்த் திரிந்து விற்பவர் எவருக்கும் உரியதாயிற்று அச்சொல் என்பர். நம் ‘செட்டி’ என்னும் சொல்லும் இவ்வாறே அயலார் வாய்ப்பட்டதாகும்.

இதன் மூலம் பற்றி அறிஞர் ஒருமித்தாரல்லர். தலைமை வணிகனைக் குறிக்கும் ‘சிரேஷ்டி’ என்னும் வடசொல்லின் திரிபு என்பார் பலர். அதனை மறுப்பாரும் உளர். மணிமேகலையிலே கம்பளச் செட்டி என்றொரு கப்பல் வணிகன் வருகின்றான். எனவே சொல் பழையது. ‘செட்டு’ என்றால் வாணிகம், சிக்கனமும் ஆம். ‘செட்டாகக் குடித்தனம் செய்கிறாள்’ என மாமியார் மருமகளைச் சொல்வாராயின் (அஃது அரிதுதான்!) அது பெரும்புகழ்ச்சியே.

1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தனர். நாம் அவர்களைப் ‘பறங்கி’ என்றோம். நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் பெயர் அதற்குச் சான்று. அவர்களோ ‘செட்டி’யைச் ‘சாத்தீம்’ ஆக்கிக்கொண்டனர். மிளகு வாணிகத்தில் தமக்குப் போட்டியாய் நின்றவனுடைய பெயர் அவர்கள் நாவில் எவ்வாறு இனிக்கும்? அவர்கள் அகராதியில் அதற்கு நேர்மையற்ற வணிகன் என்பது பொருள். ‘சாத்தினார்’ என்று ஒரு வினைச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தது. வேடிக்கை யாதெனில், படைத்தொழிலை விட்டு வாணிகத்தில் இறங்கிய தம் நாட்டாரையே அவர்கள் அப்பெயரால் பழித்ததாகும்.

மலாய் மொழியில் ‘செட்டி’ என்றால் வட்டிக்குப் பணம் தருபவர். பர்மாவில் இப்பெயர் பெரும்பகைக்கு இலக்காயிற்று. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. உழவர் கடனைத் தீர்க்க இயலாது நிலத்தைக் கொடுத்தனர். கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937-க்குள் 25 பங்காயிற்று. கடன் கொடுத்தோர் வேண்டியது பணம். கைக்கு வந்ததோ நிலமும் பழியும். 1942-இல் ஜப்பானியர் புகுந்தபோது அவர்களிற் பலர் யாவற்றையும் விட்டு ஊர் திரும்பினர்.

இலங்கையில் மட்டும் இச்சொல் வேறுவழி சென்றது. கொழும்பின் நகைக்கடை வீதியைத் தமிழர் செட்டியார் தெரு என்பர். சிங்களர் ‘ஹெட்டி வீதிய’ என்பர். ‘ஆராச்சி’ என்னும் ஊர்த்தலைமைப் பதவியோடு அது கூடி, ‘ஹெட்டியாராச்சி’ என்று சிங்களக் குடும்பங்கள் பல இன்றும் மதிப்போடு தாங்கும் பெயராய் விளங்குகின்றது.