மணல் முற்றமும் நாய்க்குட்டி விரிப்பும்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நிலாவெளியில் நாய்க்குட்டிக்குக் கழிப்பிடம் எது என்ற கேள்வியே எழுந்ததில்லை. வளவெங்கும் கடல்மணல். குட்டி நனைக்கும், காலால் பிறாண்டும். வெயில் காய்ந்ததும் தடமிராது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மாடிவீடுகளில் வாழும் நம்மவர்க்கோ முற்றமே கிடையாது. அங்கே அன்றாடப் பொருளாகிவிட்டது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் உறிஞ்சு விரிப்பு. விடுமுறைக்கு ஊர் வருவோரின் பேச்சிலும் பயணப்பெட்டியிலும் இப்போது அது இங்கும் வந்து சேர்கிறது.

இவ்விரிப்பின் பூர்வீகம் போர்க்களம் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். முதலாம் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கிம்பர்லி-கிளார்க் என்ற அமெரிக்க நிறுவனம் மரக்கூழிலிருந்து செய்த மெத்தைத் தாள் படையினரின் காயங்களுக்குக் கட்டுத்துணியாயிற்று. தாதியர் அதனை மாதவிடாய்க்கும் பயன்படுத்தினர். அந்த அனுபவமே 1920இல் 'கோட்டெக்ஸ்' எனச் சந்தைக்கு வந்தது. 1961இல் 'பம்பர்ஸ்' குழந்தைகளுக்கு வந்தது. பின்னர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பியோரியா ஆய்வுகூடத்தில், சோளமாவைக் கொண்டு, தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு நீரை ஈர்க்கும் பொருளொன்றை உருவாக்கினர். அதன் வழிவந்த செயற்கை உறிஞ்சிகள் 1980களில் குழந்தைத் துணிகளுக்குள் புகுந்தன. அங்கிருந்து நாய்க்குட்டியின் காலடிக்கு இறங்கின. தூய நீரை அவ்வளவு குடிக்கும் அவ்வுறிஞ்சி, சிறுநீரின் உப்பைக் கண்டதும் பாதிகூடக் குடிப்பதில்லை என்பது விற்பனைப் பெட்டியில் அச்சாவதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னர் அப்பணியைச் செய்தது பத்திரிகை. நாங்கள் இரவிரவாகக் கண்விழித்து எழுதிய ஆசிரிய தலையங்கம் மறுநாள் கடலைச் சுருளாவதும், அதற்கடுத்த நாள் நாய்க்குட்டியின் கீழ் விரிக்கப்படுவதும் எமது தொழிலின் இயல்பான முடிவு. அதில் எனக்கு வருத்தமில்லை. தாள் மக்கிப் போகும்.

மணலே போதும் என்று முடித்துவிடவும் இயலாது. இலங்கையில் விசர்நாய்க்கடி நோய்க்கென 1893லேயே சட்டம் இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவதற்கான சட்டம் 1901இல் வந்தது. 1978இல் உலகெங்கும் பரவிய 'பார்வோ' வைரசு குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. அவ்வைரசு மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். எனவே, தெருநாய்கள் நடமாடும் வளவில், தடுப்பூசிகள் நிறைவுறாத குட்டியை இறக்கிவிடுவது ஆபத்து. ஏறத்தாழ நான்கு மாதம்வரை நீளும் அக்காலத்திற்கு வீட்டினுள் ஒரு விரிப்பு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

ஆனால் பயன்படுத்திய விரிப்பு எங்கே போகிறது? அதன் அடித்தகடு பொலித்தீன். எரித்தால் நச்சுப்புகை, மணலில் புதைத்தால் மக்காது, மாரிமழை மணலை அரித்தால் கடலுக்கே போகும். எதிரே தெரியும் புறாமலையையும் அதன் பவளப்பாறைகளையும் 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறோம். அந்தக் கரையில் நான்கு மாதக் குட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று விரிப்பு என்பது எனக்கு ஏற்புடையதாயில்லை.

பழைய பத்திரிகையோ, துவைத்துக் காயவைக்கும் பருத்திச் சாக்கோ இதற்குப் போதும். குட்டிகள் எட்டு ஒன்பது வாரப் பருவத்திலேயே காலுக்குப் பழகிய தளத்தைத் தேடத் தொடங்குகின்றன. மெத்தென்ற விரிப்பில் பழகிய குட்டி பின்னர் பாயையும் கம்பளத்தையும் அவ்வாறே எண்ணிவிடும். ஆகவே தாளின்மேல் ஒரு பிடி வளவு மணலை, வெயிலில் நன்கு காய்ந்ததாக, நாய்கள் அண்டாத மூலையிலிருந்து எடுத்துத் தூவிவிடுங்கள். கடைசி ஊசி போட்டபின் தாளை நாளுக்குச் சிறிதாக வாசற்படியை நோக்கி நகர்த்தி, முற்றத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.